அஞ்சரைச் சந்து

ஏலே முத்தையா, இங்கன வந்து உக்காரு. மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நடந்தா, போன பந்து திரும்பி வந்துருமா? நேத்து மூணு தடவ உள்ள போனே. மூணு தடவயும் காத்தை அடிச்சிட்டு வந்தே. கடைசித் தடவ நீ மட்டைய வீசுன வீச்சுல, வேலிக்கு வெளிய உக்காந்திருந்த எனக்கே குளுகுளுன்னு ஆயிட்டு. வெயிலுக்கு நல்லாத்தாம்லே இருந்துச்சு.

அது கெடக்கட்டும். கார்ல ஏறும்போது உங்கப்பன்கிட்ட என்னமோ சொன்னியாமே. "எனக்கு ஆட்டம் வரல, பெருசானதும் கோச்சு ஆயிருதேன்"னியாமே. ஆகா, அருமையான யோசனை. சோத்தைக் குழைய விட்டவ, நாளையிலிருந்து ஊருக்குச் சமையல் சொல்லிக் குடுக்கப் போறேன்னு கெளம்புன கதைதான். உங்கப்பனும் அப்பிடித்தான் வேலியப் புடிச்சிக்கிட்டு, "முழங்கைய மடக்கு, இடுப்பத் திருப்பு"ன்னு கத்துதான். அவன் ஊர்ல பம்பரத்தையே தலைகீழா விட்ட பய.

இரு, துப்பிட்டு வாறேன். தரையில துப்புனா உங்கம்மா என் பாஸ்போர்ட்டை ஒளிச்சு வச்சிருவா. அதான் கையோட காகிதக் கப்பு. என்ன பாக்கே? வெறும் பாக்குலே.

சரி, எதுக்க நிக்குதே அந்தச் செலை, அதை நல்லாப் பாத்திருக்கியா? இந்தப் போவே ஊருல பொறந்த பய நீ. இந்த ஏரிக்கு எத்தன தடவ வந்திருப்பே. ஆறு மாசத்துக்கு விசா வாங்கி வந்த கெழவன் நான் கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டது உனக்குத் தெரியாது. காலைல நடக்க வாறப்பல்லாம் நான் முதல்ல கும்புடுறது இவரைத்தான். பேரு டோனி க்வின். இதே ஊர்லதான் குடியிருந்தான் மனுசன். அவன் ஆடுன பழைய படத்தையெல்லாம் உங்கப்பன் ஒரு பலகையில போட்டுக் குடுத்தான். எனக்கு வேற என்ன சோலி? மூணு மாசமா அதேதான் பாக்குதேன். உங்க ஆச்சி போன்ல, "அந்தக் கறுத்த தம்பி இன்னைக்கு அடிச்சானா"ன்னு விசாரிக்கா.

நீ கோச்சு ஆகப் போறேன்னு சொன்னதும் இவன் ஞாவகந்தான் வந்துச்சு. ஏன்னா இவனும் ஆனான். ஆகி என்ன பட்டான்னு சொல்லுதேன், கேட்டுக்கோ. பொறவு உம்பாடு.

லாங் பீச்சுல வளந்த பய. சான் டியேகோ ஸ்டேட் காலேஜுக்காரன் கூப்பிட்டுச் சேத்தது பேஸ்பாலுக்கு இல்லலே, கூடைப்பந்துக்கு. அதுல பாயிண்ட் கார்டுன்னு ஒரு எடம். அந்த எடத்துல நிக்கிறவனுக்கு முக்கியமான சோலி, தான் கூடையில போடுறது இல்ல. போடுறவன் கைக்குப் பந்தைக் கொண்டு சேக்குறது. கல்யாண வீட்டுல வாளியத் தூக்கிட்டு எலை எலையா ஓடுதானே ஒருத்தன், தான் மட்டும் கடைசிப் பந்தியில ஆறுன சோத்தைத் திங்கானே, அவனை மாதிரி. அப்பிடிப் பரிமாறுனதே 590 ஆகி, காலேஜ் கணக்குப் புத்தகத்துல உச்சியில போயி உக்காந்துட்டு. மட்டையத் தொட்டது ரெண்டாம் வருசத்துலதான்.

1981 ஜூன் மாசம் ஒரே நாள்ல ரெண்டு வீட்டுல இருந்து பொண்ணு கேட்டு வந்த மாதிரி ஆயிட்டு. அப்ப சான் டியேகோவுலயே இருந்த கிளிப்பர்ஸ் கூடைப்பந்துக்குக் கேட்டான், பத்தாவது சுத்துல. பாட்ரேஸ் பேஸ்பாலுக்குக் கேட்டான், மூணாவது சுத்துல. மனுசன் பாட்ரேஸ் பக்கம் சாஞ்சுட்டான். பாட்ரேஸ்னா என்னன்னு தெரியுமால? பாதிரிமாரு. நம்ம ஊர்ல பாதிரின்னு சொல்லுதோமே, அதே வார்த்தைதான். நமக்குப் போர்ச்சுகீசுக்காரன் கப்பல்ல கொண்டாந்து போட்டான், இவனுவளுக்கு ஸ்பெயின்காரன். 1769-ல இங்க வந்து கோயில் கட்டுன சாமியாருவ பேரைத்தான் பந்து அடிக்கிற பயலுவளுக்கு வச்சிருக்கானுவ. நம்ம ஊர்க் கபடி டீமுக்கு ஆதீனம்னு பேரு வச்சா எப்பிடி இருக்கும்?

அந்தப் பாதிரிமாரோட 20 வருசம். 1982-ல போனவன் 2001 முடியக் கட்டுன சட்டையக் கழட்டல. வேற ஊருக்குப் போயிருந்தா காசு இன்னும் கூட வந்திருக்கும்னுதான் அத்தன பேரும் சொல்லுதானுவ. உங்கப்பன் பத்து வருசத்துல அஞ்சு கம்பெனி மாறுனவன். அவன்கிட்ட இதைச் சொன்னா, "மார்க்கெட் தெரியாத ஆளுப்பா"ன்னு சொல்லுதான்.

அப்பிடி என்னதான் கிழிச்சான்னு கேக்கியா? நீ நேத்து ஒரே பகல்ல மூணு தடவ காத்தை அடிச்சு ஸ்ட்ரைக்கவுட் ஆனியே, அந்த மனுசன் ஒரு முழு வருசத்துலயும் 40-ஐத் தாண்டுனது இல்ல. நீ இந்த வேகத்துல போனா பங்குனி பொறக்குறதுக்குள்ள தாண்டிருவே. 20 வருசமும் சேத்து 434. கிரெக் மேடக்ஸ்னு ஒருத்தன், அவன் காலத்துல அவன் கையில சிக்காத ஆளே கெடையாது. அந்த மேடக்ஸ் இவனுக்கு நேரா 107 தடவ நின்னு எறிஞ்சான். ஒரு தடவகூட ஸ்ட்ரைக்கவுட் ஆக்க முடியல. மேடக்ஸுக்கும் ஒரு தாத்தா இருந்திருந்தா, இந்த மாதிரி பெஞ்சுல உக்கார வச்சுக் கேட்டிருப்பாரு.

மட்டை? உனக்கு உங்கப்பன் 400 டாலருக்கு வாங்கிக் குடுத்திருக்கானே உலக்கை, அந்தச் சாதி இல்ல. மரம். 33 அங்குலம். 31 அவுன்சுதான், ஒரு கிலோவுக்கும் கொறவு. மத்தவனெல்லாம் தேருக்கட்டையத் தூக்கிட்டு வாறப்ப, இவன் அகப்பையத் தூக்கிட்டு வந்த மாதிரி. மத்தவன் பந்தை மைதானத்துக்கு வெளிய அனுப்பப் பாப்பான். இவன் சந்து பாப்பான்.

இங்கதான்லே சங்கதி. காதைக் குடு. இந்த ஆட்டத்துல நிக்கிற ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நம்பர் உண்டா? கணக்கு எழுதுறவனுக்கு மூணாம் பேஸ்காரன் 5. ஷார்ட்ஸ்டாப் 6. அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல ஒரு சந்து கெடக்குலா, அதுக்கு இவன் பேரு வச்சான், அஞ்சரை. எடக்கைப் பேட்டரு. எடக்கைக்காரன் இழுத்து அடிச்சா பந்து வலப்பக்கம்தானே போகும்? இவன் இழுக்க மாட்டான். ஒரு இமைப்பொழுது பிந்தித் தட்டுவான். பந்து அஞ்சரைச் சந்து வழியா, யாரு வீட்டு நாயையும் எழுப்பாம, புல்லுல உருண்டு போகும். ரெண்டு பயலும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டு நிப்பானுவ. உங்க ஆச்சிக்கு அஞ்சறைப்பெட்டி எப்பிடியோ, அப்பிடி இவனுக்கு அஞ்சரைச் சந்து. இருட்டுலகூடக் கைய விட்டு வேணுங்கிறதை எடுப்பா அவ.

அந்தச் சந்தும் சும்மா வாய்க்கல. 1983-ல அடி ஒழுங்கா விழல. இவன் வெளியூர்ல. வீட்டுல அப்பத்தான் வீடியோ டெக் வந்த புதுசு. பொண்டாட்டி அலீசியாவுக்குப் போன் போட்டு, டீவில வாற என் ஆட்டத்தைப் புடிச்சு வையின்னான். திரும்பி வந்து போட்டுப் பாத்தா, தப்பு என்னன்னு கண்ணுக்கு நேரா நிக்கி. அன்னைக்குப் புடிச்ச பைத்தியம். போற ஊருக்கெல்லாம் டெக்கைச் சொமந்துக்கிட்டுப் போவானாம். 'கேப்டன் வீடியோ'ன்னு கூட ஆடுறவனுவ கேலி பண்ணுனானுவ. இப்ப எல்லாப் பயலும் கையில பலகைய வச்சிக்கிட்டு அதையேதான் பாக்கானுவ. உங்கம்மாவும் நேத்து உன்னைப் படம் புடிச்சா. அதைப் போட்டுப் பாத்தியா? பாத்திருக்க மாட்டே. பாத்திருந்தா, பந்து வாறதுக்கு முந்தியே நீ கண்ணை மூடுறது தெரிஞ்சிருக்கும்.

1994 கதை ஒண்ணு இருக்கு. மில்லுல வேல பாத்த எனக்கு அது நல்லா வெளங்கும். இந்த ஆட்டத்துல ஆயிரத்துக்கு 400 அடிக்கிறதுன்னா பெரிய சங்கதி. 1941-ல டெட் வில்லியம்ஸ் 406 அடிச்சதுக்குப் பொறவு அங்க யாரும் போயிச் சேரல. இவன் அந்த வருசம் ஆகஸ்டு வரைக்கும் 394. 419 தடவ நின்னு 165 ஹிட்டு. இன்னும் மூணு ஹிட்டு கூட விழுந்திருந்தா 400-ஐத் தாண்டியாச்சு. மூணே மூணு, கேட்டியா. அந்த நேரம் பாத்து ஸ்ட்ரைக்கு. சம்பளத்துக்கு வரம்பு கட்டணும்னு மொதலாளி, முடியாதுன்னு ஆட்டக்காரன். ஆகஸ்டு 12-ஓட ஆட்டத்தை நிறுத்திட்டானுவ. அந்த வருசம், கடைசியில கோப்பைக்கு ஆடுற வேர்ல்டு சீரிஸே நடக்கல. 1904-க்கு அப்புறம் அதுதான் மொதத் தடவ. எங்க மில்லுல பூட்டுனப்ப எனக்குத் தீவாளி போனஸ் போச்சு. இவனுக்கு 400 போச்சு. ரெண்டையும் எந்தச் சங்கம் வாங்கித் தரும்?

ஆக மொத்தம் 9,288 தடவ நின்னு 3,141 ஹிட்டு. ஆயிரத்துக்கு 338. எட்டு வருசம் லீக்குலயே மொத ஆளு. இப்ப நல்லாக் கவனி. பத்துத் தடவ உள்ள போனா, ஆறேழு தடவ வெறுங்கையோடதான் வெளிய வந்திருக்கான். அதுக்குப் போயி ஏரிக்கரையில செலை வச்சிருக்கு ஊரு. நீ பத்துக்குப் பத்தும் வெறுங்கை. உனக்கும் அவனுக்கும் வித்தியாசம் மூணே சொச்சந்தான் பாத்துக்கோ. ஒண்ணும் கவலப்படாத.

இனிமேதான் உன் சங்கதி வருது. கோச்சு.

2001-ல மட்டைய வச்சான். வயசு 41. ஒடம்பும் பெருத்துப் போச்சு, முட்டியும் போச்சு. கையில காசு இருக்கு, டீவில உக்காந்து பேச ஆளு கூப்பிடுதான். என்னைக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்? "தம்பி, இந்த ஏரிக்கரையில ஒரு கட்டிலைப் போட்டுச் சாஞ்சிரு"ன்னு சொல்லியிருப்பேன். எவன் கேட்டான்? நேரா பழைய காலேஜுக்கே போனான். அங்க ஜிம் டீட்ஸ்னு பழைய கோச்சு, இவனுக்கே கோச்சா இருந்த பெரியவரு. 30 வருசத்துக்கு மேல அந்தக் களத்தைக் காத்தவரு. 2002-ல அவருக்குக் கீழ ஒரு வருசம் எடுபிடி, சம்பளம் இல்லாம. 3,141 ஹிட்டு அடிச்ச ஆளு லே! 2003-ல இருந்து தலைமைக் கோச்சு.

அதுல ஒரு வேடிக்கை பாரு. அந்தக் காலேஜ் மைதானத்துக்கு 1997-லயே டோனி க்வின் ஸ்டேடியம்னு பேரு வச்சாச்சு, இவன் ஆடிக்கிட்டு இருக்கும்போதே. பாட்ரேஸ் மொதலாளி காசு குடுத்துக் கட்டுனது. பொறவு இவனே அங்க கோச்சு. நெனச்சுப் பாருலே. தோத்துட்டுத் தலையக் குனிஞ்சு வெளிய வந்து நிமுந்தா, எதுக்க ஆளுயரத்துக்கு எழுதியிருக்கு, உம் பேரு. நான் எங்க தோட்டத்துல போட்ட போருல தண்ணி வரல. நல்லவேளை, அதுக்கு எம் பேரை எழுதி வைக்கல.

காலேஜ் கோச்சுன்னா நீ நெனைக்கிற மாதிரி விசிலை ஊதிட்டு வெயில் கண்ணாடி போட்டு நிக்கிறது இல்ல. ஊரூராப் போயி, உன்னை மாதிரிப் பயலுவ அப்பன் ஆத்தாளைப் பாத்து, "உங்க புள்ளைய எங்ககிட்ட அனுப்புங்க"ன்னு நயமாப் பேசணும். படிப்புல பாஸாகுதானான்னு பாக்கணும். பஸ்ல முழங்கால் இடிக்கப் போயி வரணும். அதைவிட ஒரு கொடுமை. அப்ப ஒரு காலேஜ் பேஸ்பால் டீமுக்கு மொத்தம் 11.7 உதவித்தொகைதான். அதை 27 பேரு வரைக்கும் கூறு போட்டுக்கலாம். பதினொண்ணு சரி. அந்த அரையே சொச்சம் என்னலே கணக்கு? அண்ணன் தம்பி அஞ்சு பேரு ஒரு கெணத்தை முறை வச்சுத் தண்ணி பாய்ச்சுவோமே, வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல உனக்கு, சாயங்காலம் எனக்குன்னு, அந்தச் சண்டைதான். ஒரு பயலுக்கு அரைப் படிப்பு, இன்னொருத்தனுக்குக் கால் படிப்பு. மிச்சத்துக்கு அப்பன் கடன் வாங்கணும். எட்டுத் தடவ லீக்குலயே மொத ஆளா நின்னவன், இந்த நாட்டாமையும் பண்ணணும்.

சரி, பாடுபட்டு ஒருத்தனை வளத்து எடுத்தாச்சுன்னு வை. மூணாம் வருசம் முடியவும் பெரிய லீக்குக்காரன் வந்து கொத்திட்டுப் போயிருவான். கம்பங்கதிரு பால் புடிக்கிற வரைக்கும் நீ தண்ணி பாய்ச்சணும், மணி முத்துற அன்னைக்குக் குருவி வந்துரும். குருவிய வெரட்டவும் கூடாது, வந்துச்சேன்னு சந்தோசப்படணும். அதுதான் அங்க சட்டம்.

அடிக்கத் தெரிஞ்சவனுக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியுமான்னு நானும் யோசிச்சேன். எங்கப்பாரு மண்ணை மோந்து பாத்து மழை எப்பன்னு சொல்லுவாரு. எனக்கும் சொல்லிக் குடுத்தாரு. நானும் மோந்து பாத்தேன். தும்மல்தான் வந்துச்சு. பந்து சுத்துற சுத்து இவன் கண்ணுக்குத் தெரியும். பயலுவ கண்ணுக்கு வெள்ளையா என்னமோ வந்துச்சு, போச்சு. அவனுவ கையில இருக்கது வேற மரமே இல்ல, உலோகம். 1974-ல இருந்து காலேஜ்ல அந்த மட்டைதான். எங்க பட்டாலும் பந்து பறக்கும். அதை வச்சிக்கிட்டு அஞ்சரைச் சந்தைப் பாருங்கலேன்னா எவன் பாப்பான்? மலையைத் தாண்டி அடிக்கத்தான் பாப்பான். உன்னை மாதிரி.

இவ்வளவும் பண்ணி, உலகத்துக்கே தெரிஞ்ச சிஷ்யன்னு இவனுக்கு ஒருத்தன் வாய்ச்சான். பேட்டரு இல்ல லே. பந்து எறியுற பிட்சரு! கொல்லன் பட்டறையில தச்சன் உருவான கதை. ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க். இந்தச் சான் டியேகோ பக்கத்துப் பயதான். பள்ளிக்கூடம் முடிக்கும்போது பெரிய லீக்குக்காரன் எவனும் திரும்பிப் பாக்கல. காலேஜுக்கு வந்தப்ப ஆளு குண்டு. ஓடச் சொன்னா மூச்சு வாங்கும். தூக்கு, ஓடு, எறங்குன்னு அங்க வாட்டுன வாட்டுல, ஊருக்கே திரும்பிரலாமான்னு யோசிச்சிருக்கான். போகல. சதை கரைஞ்சுது. 2008-ல யூட்டா பயலுவளோட ஒரு ஆட்டத்துல 23 பேரை ஸ்ட்ரைக்கவுட் ஆக்குனான். 23 லே! நீ அங்க இருந்திருந்தா 26 ஆயிருக்கும். அதே வருசம் பெய்ஜிங் ஒலிம்பிக்குல அமெரிக்கா டீமுல காலேஜ்ப் பயன்னு இவன் ஒருத்தன்தான். 2009-ல நாட்டுலயே மொத ஆளாத் தூக்கிட்டுப் போனது வாஷிங்டன். 15.1 மில்லியன் டாலர். பத்து வருசம் கழிச்சு, 2019-ல, அந்த ஊருக்கு வேர்ல்டு சீரிஸை வாங்கிக் குடுத்து அதுல மிகச் சிறந்த ஆட்டக்காரன்னும் பேரு வாங்குனான். க்வின் 20 வருசம் ஆடி, ரெண்டு தடவ வேர்ல்டு சீரிஸுக்குப் போயி, 1984-லயும் 1998-லயும், ரெண்டுலயும் தோத்து வந்தவன். அந்தக் கோப்பை அவன் கைக்கு வரல. ஆனா குண்டுப் பய கைக்குப் போச்சு. கூடைப்பந்துல பண்ணுன அதே பரிமாறுற சோலிதான் பாரு.

இதுலயும் உச்சம், சொந்த மகன் குடுத்தது. டோனி க்வின் ஜூனியர். அவனும் அப்பன் காலேஜ்லதான் படிச்சான், அப்பன்கிட்டத்தான் ஆடுனான். 2003-ல மில்வாக்கி ப்ரூவர்ஸ் எடுத்துக்கிட்டுப் போயிட்டான். 2007 ஜூலை மாசம் அப்பனுக்கு ஹால் ஆஃப் ஃபேம் மரியாதை. 545 பேரு ஓட்டுல 532 விழுந்துச்சு. நம்ம ஊர் பஞ்சாயத்து எலெக்சன்ல சொந்தச் சித்தப்பன் ஓட்டே விழாது, பாத்துக்கோ. சரியா ரெண்டு மாசம். செப்டம்பர் 29. மில்வாக்கில பாட்ரேஸ் ஆடுது. இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக்கு எறிஞ்சா பாட்ரேஸ் அடுத்த சுத்துக்குப் போயாச்சு. எறியுறது ட்ரெவர் ஹாஃப்மன், க்வினோட பக்கத்து இலையில உண்டு வளந்தவன் மாதிரி, அம்புட்டு வருசம் ஒண்ணா ஆடுனவன். மட்டையோட எதுக்க நிக்கது யாரு? ஜூனியர்!

அடிச்சான்லே. மூணு பேஸ் போற அடி. ஸ்கோரு சமம். பொறவு மில்வாக்கி ஜெயிச்சுது, மறுநாளும் பாட்ரேஸ் தோத்துது, அதுக்கு மறுநாள் கொலராடோகிட்டயும் தோத்து வீட்டுக்கு வந்துட்டு. அப்பன் 20 வருசம் கட்டிக் காத்த வீட்டுக் கூரைய மகன் ஒரே அடியில பிச்சான். அந்த அப்பன் அன்னைக்குச் சிரிச்சானா அழுதானா? நானா இருந்தா, வெளிய திட்டிட்டு, உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டுச் சிரிச்சிருப்பேன். உங்கப்பன் என்னை விட்டுட்டு இந்த ஊருக்கு வந்தப்ப நான் பண்ணுனது அதுதான்.

12 வருசம் கோச்சு. மொத்தம் எத்தன ஜெயிச்சான் தெரியுமா? 363. எத்தன தோத்தான்? 363. விரலை மடக்காத, நான் சரியாத்தான் சொல்லுதேன். வரவும் செலவும் சமம். கடை வச்சவன் எவனாவது இப்பிடிக் கணக்கு முடிச்சா, உங்கப்பன் 'வேஸ்ட்டு'ம்பான். ஆடும்போது ஆயிரத்துக்கு 338 எடுத்தவன், கோச்சா ஆயிரத்துக்கு 500 எடுத்திருக்கான், அப்ப முன்னேத்தந்தானேன்னு நான் சொல்லுவேன். கணக்கை எந்தப் பக்கம் நின்னு பாக்கேங்கிறதுல இருக்கு சூட்சுமம். மில்லுல எங்க மேஸ்திரி இதே கணக்குலதான் எங்க ஓவர்டைமைத் தின்னான்.

இரு. கப்பு எங்க?

இதுக்கு மேல உள்ளதை உங்கம்மா சொல்லச் சொன்னா. நான் முடியாதுன்னேன். இருந்தாலும் பாதிக் கதையில நிறுத்துனா நீ ராத்திரி போன்ல தேடிப் பாப்பே.

இந்த ஆட்டத்துல ஒரு பழக்கம் உண்டு. புகையிலைத் தூளைக் கீழ் உதட்டுக்குள்ள இல்லாட்டி கன்னத்துக்குள்ள ஒதுக்கி வச்சிக்கிடுறது. மணிக்கணக்குல நிக்கணும்லா, வாய்க்கு ஏதாவது சோலி வேணும். பழைய படத்துல பாரு, அம்புட்டுப் பேரும் நம்ம ஊர்ச் சந்தையில மாட்டுத் தரகனுவ நிக்கிற மாதிரி துப்பிக்கிட்டே நிப்பானுவ. க்வினும் வாலிபத்துல புடிச்சதுதான். பந்து வாறப்ப எந்த நூல்ல தப்புன்னு டெக்குல ஓட்டி ஓட்டிப் பாத்தவன், கன்னத்துல இருந்ததை ஓட்டிப் பாக்கல. 2010-ல கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியில புத்துநோய்னு சொல்லிட்டானுவ. கத்தி வச்சாச்சு. மூஞ்சியில ஒரு பக்கம் அசையல. அவன் சிரிச்சா அந்தப் பக்கமா போறவனும் சிரிப்பான், அப்பிடிச் சிரிப்பு. அது போச்சு. 2012-ல மறுபடி கத்தி. இம்புட்டுக்கும் காரணம் அந்தப் புகையிலைதான்னு அவனே நம்புனான், வெளிப்படையாச் சொன்னான். காலேஜ் மைதானத்துல பயலுவளும் கோச்சுமாரும் அதைத் தொடக்கூடாதுன்னு 1994-லயே சட்டம். ஊருக்குச் சொல்ற சட்டம் வாய்க்குள்ள போயி என்ன பண்ணும்?

கன்னத்துல தையல் காயுறதுக்குள்ள களத்துக்கு வந்துட்டான். 2013-ல அவன் பயலுவ மவுண்டன் வெஸ்ட்னு அவனுவ காலேஜ் லீக்குக் கோப்பைய வாங்குனானுவ. 2014 மார்ச்சுல முடியாமப் போயி லீவு. கோச்சு இல்லாமலே மே மாசம் அதே கோப்பைய மறுபடி வாங்குனானுவ பயலுவ. ஜூன்ல காலேஜ்க்காரன் இன்னும் ஒரு வருசத்துக்குன்னு ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குனான். ஒரு வாரம் தாண்டல. ஜூன் 16. வயசு 54.

அந்த ஸ்ட்ராஸ்பர்க் பயலும் அதே தூளைப் போட்டவன்தான். வாத்தியாரு போனதும் விடப் போறேன்னு சொன்னான். 2016 கடைசியில பெரிய லீக்குக்காரனும், இனிமேப் புதுசா வாற பய எவனும் அதை வாயில போடக்கூடாதுன்னு எழுதிப்புட்டான். பழைய ஆளுவளுக்கு விலக்கு. பழைய ஆளுவளுக்கு எல்லா ஊர்லயும் விலக்கு உண்டுலே, அது ஒரு சவுகரியம்.

என்ன என் கப்பையே பாக்கே?

பாக்குன்னு சொன்னேம்லா. சரி, பாக்கும் இருக்கு. கூட ஒரு கிள்ளு. ஒரே ஒரு கிள்ளு. பெட்டியில உன் ஆச்சி வச்ச முறுக்குக்கு அடியில ஒளிச்சுக் கொண்டாந்தேன். ஏர்போர்ட்டுல நாயே மோந்துட்டு விட்டுட்டு. உங்கம்மாவுக்கு மட்டும் மூக்கு நாயை விட நல்ல மூக்கு, மூணு நாளாச் சந்தேகப்படுதா. நீ சொல்லிராத. 50 வருசப் பழக்கம்லே. மில்லுல ராத்திரி ஷிப்டுல கண்ணு சொக்குனா மிஷினு கைய இழுத்துரும், அதுக்குப் புடிச்சது. மில்லை மூடி 20 வருசம் ஆகுது. மிஷினு போயிட்டு, இது போகல.

அட, என்னலே மடியில கைய விடுதே. குடு. ஏலே குடுன்னா. நேத்து இந்தச் சுறுசுறுப்புல பாதியக் காட்டியிருந்தா ஒரு ஹிட்டாவது விழுந்திருக்கும். ஓடாத, எனக்கு முட்டி வலிக்கி.

சரி, போ. போடணும்னா போடு. நானே போடலாம்னுதான் இருந்தேன். கட்டிப் போடு, காக்கா குருவி தின்னுரப் போவுது.

போட்டாச்சா? நல்ல பய. வா, வீட்டுக்குப் போவோம். உங்கம்மா தோசைக்கு ஊத்திருப்பா. போயி அந்தப் படத்தைப் போடு, நீ எந்த இடத்துல கண்ணை மூடுதேன்னு ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம். அதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு.

அந்தப் பச்சைத் தொட்டியில போட்டியா, கறுப்புத் தொட்டியில போட்டியா? சும்மாதாம்லே கேக்குதேன். காலைல நடக்க வருவேம்லா, ஒரு தகவலுக்கு.